ஓர் இரவல்ல: மறைந்த பள்ளித் தோழனுக்காக ஒரு திருத்தம்

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "மாமா, அப்பா இரவு போயிட்டார்" என்றாள் நண்பனின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தர வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எழுபத்து மூன்று வயது. சில காலமாக நெஞ்சு நோயாளி. எதிர்பாராத மரணமென்று சொல்ல முடியாது. ஆயினும் அழைப்பு முடிந்தபின் நீண்ட நேரம் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருந்தது. பணக் கடன் அன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக "செய்கிறேன், செய்கிறேன்" என்று சொல்லிச் செய்யாமல் விட்ட ஒரு திருத்தம்.

அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. உயிரோடிருந்த காலத்தில் பலமுறை கேட்டும் அவன் அதற்கு இசையவில்லை. அவனுடைய குடும்பத்தாரும் அதையே விரும்புகின்றனர். எனவே நண்பன் என்றே குறிப்பிடுகிறேன்.

நாங்கள் இருவரும் 1970ஆம் ஆண்டு டிசம்பரில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். கணிதப் பிரிவு. தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்ற நான்கு பாடங்களிலும் வகுப்பில் முதலாவது வருபவன் அவன். என் நிலை வேறு. கணக்கு வராத நேரத்தில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவன் நான். மாலை வேளைகளில் இருவரும் சைக்கிளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போவோம். 1959இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் வாசிகசாலையில் அவன் கணக்குச் செய்வான். நான் சஞ்சிகைகளைப் புரட்டுவேன்.

அந்தப் பரீட்சையின் பெறுபேறு இலங்கை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது எங்கள் தொகுதியினருக்குத்தான். பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவர்களுக்கு 227 புள்ளி போதுமானதாக இருந்தது. தமிழ் மொழி மூலம் தோற்றியவர்களுக்கு 250 தேவைப்பட்டது. மருத்துவத்துக்கு அது முறையே 229, 250. நண்பன் பெற்ற புள்ளிகள் 241. அவனைவிடப் பதினான்கு புள்ளி குறைவாக எடுத்தவன் பொறியியலாளனாகும் வாய்ப்பைப் பெற்றான், இவன் பெறவில்லை. 1973இல் புள்ளிகளைத் தரப்படுத்தும் முறை முழுமையாக வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்குத் தெரிவாகிய தமிழ் மாணவரின் விகிதம் 1970இல் 35.3 வீதமாக இருந்து 1975இல் 19 வீதமாகக் குறைந்தது. அதன் அரசியல் விளைவுகளை வாசகர்கள் அறிவார்கள்.

தரப்படுத்தலால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் கதையாக அவனைப் பற்றி எழுத நான் ஒருமுறை முயன்றபோது அவன் கடுமையாக மறுத்துவிட்டான். அவனுடைய மனைவி மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவரின் தம்பி மாவட்ட ஒதுக்கீட்டின் பயனாகப் பல்கலைக்கழகம் சென்றவர். "என்ரை வீட்டிலை அந்தச் சட்டத்தாலை கெட்டவனும் இருக்கிறான், படிச்சவனும் இருக்கிறான். எழுதுறதெண்டால் ரெண்டு பேரையும் எழுது" என்றான். மொழியை வைத்து மாணவரைப் பிரித்தது அநியாயம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த மன்னார்ப் பிள்ளைக்கும், எங்களைப் போன்ற யாழ்ப்பாணக் கல்லூரி மாணவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்ற கேள்வியையும் அவன் ஒதுக்கிவிடவில்லை. 241 புள்ளி எடுத்து வெளியே நின்றவன் இப்படிப் பேசினான் என்பதை இப்போதாவது பதிவு செய்யத்தான் வேண்டும்.

1973இல் நாங்கள் இருவரும் 'ஈழநாடு' பத்திரிகையில் சேர்ந்தோம். கே.சி.தங்கராஜா அவர்களால் 1959இல் வார இதழாகத் தொடங்கப்பட்டு 1961 முதல் நாளிதழாக வெளிவந்த பத்திரிகை அது. தலைநகருக்கு வெளியே, ஒரு பிரதேசத்திலிருந்து நாளிதழ் நடத்த முடியும் என்று காட்டிய பத்திரிகை. நான் செய்தியாளனாகச் சேர்ந்தேன். அவன் அச்சுக்கோப்பாளனாகச் சேர்ந்தான். வீட்டில் மூத்தவன் அவன், தங்கைமார் மூவர். இரண்டாம் முறை பரீட்சை எழுதிக் காத்திருக்க அவனுக்கு வசதியிருக்கவில்லை.

இன்றைய தலைமுறைக்கு அச்சுக்கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. மரப்பெட்டியின் சிறு அறைகளில் ஈய எழுத்துக்கள் கிடக்கும். ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, கையிலுள்ள சிறிய உலோகச் சட்டத்தில் வரி வரியாக அடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் சில பத்து அறைகள் போதும். உயிர்மெய் வரிசைகள் நிறைந்த தமிழுக்கு அவற்றைப்போலப் பல மடங்கு. அன்றைய எழுத்துமுறையில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. எழுத்துக்கள் அச்சில் கண்ணாடியில் தெரிவதைப்போல இடம்மாறி நிற்கும். அவற்றைத் தடுமாற்றமின்றி வாசிக்கப் பழகவேண்டும். பத்திரிகை அச்சாகியபின் ஒவ்வோர் எழுத்தையும் கழுவி மீண்டும் அதனதன் அறையில் போடவேண்டும். நாள் முழுவதும் நின்றபடி செய்யும் வேலை. ஈயத்தூசி விரல்களில் கறுப்பாய்ப் படிந்திருக்கும்.

நான் எழுதிக் கொடுப்பவை பெரும்பாலும் அவனுடைய கைக்கே போகும். கோத்துக்கொண்டிருக்கும்போதே பிழைகளைக் கண்டுபிடித்துவிடுவான். ஒப்புநோக்குநரின் மேசைக்கு வரும் முன்னரே என்னிடம் வந்து நிற்பான். "மச்சான், கூட்டம் செவ்வாயெண்டு மேலை போட்டிருக்கிறாய், கீழை புதனெண்டு கிடக்குது. ஆர் சரி?" என்பான். கணக்குப் படித்த மூளை. கூட்டுத்தொகை பிழைத்தால், தூரம் பிழைத்தால், ஒருவரின் வயதும் பிறந்த ஆண்டும் ஒத்துவராவிட்டால் உடனே பிடித்துவிடுவான். அந்த ஆண்டுகளில் என் செய்திகளில் பிழை குறைவு என்று ஆசிரியபீடத்தில் எனக்கு நற்பெயர் இருந்தது. அந்த நற்பெயரில் பாதிக்கு மேல் அவனுடையது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

1978இல் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மாறினேன். அவன் யாழ்ப்பாணத்திலேயே இருந்தான்.

இனி 1981க்கு வருகிறேன். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் அவ்வாண்டு ஜூன் 4ஆம் திகதி நடைபெறவிருந்தது. மே 24ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளரான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆ.தியாகராசா சுடப்பட்டு உயிரிழந்தார். தேர்தல் கடமை என்ற பெயரில் வெளியிடங்களிலிருந்து பொலிஸார் கொண்டுவரப்பட்டிருந்தனர். அமைச்சர்களான சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தனர். மே 31 ஞாயிற்றுக்கிழமை நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணி நடத்திய கூட்டத்தில் கடமையிலிருந்த பொலிஸார் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, இருவர் கொல்லப்பட்டனர். அதன்பின் நடந்தவற்றை உலகமறியும். நாடாளுமன்ற உறுப்பினர் வி.யோகேஸ்வரனின் வீடு, கூட்டணியின் அலுவலகம், கடைகள், பூபாலசிங்கம் புத்தகசாலை, ஈழநாடு பணிமனை, ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் பொது நூலகம் என அனைத்தும் தீக்கிரையாயின.

தலைநகரத்தின் பெரும் பத்திரிகைகளில் அந்த நாட்களில் இதுபற்றிய செய்தியைக் காண்பதே அரிதாயிருந்தது. கொழும்பிலிருந்த எனக்கு உண்மையில் என்ன நடந்ததென்று தெரிந்தது நண்பனின் கடிதத்தால்தான். ஜூன் மாத நடுப்பகுதியில் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். பள்ளிக் கொப்பித் தாளில் இருபுறமும் பொடி எழுத்தில் ஆறு பக்கங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் தான் கண்டவற்றையும், கண்டவர் சொல்லக் கேட்டவற்றையும் வேறுவேறாகப் பிரித்து எழுதியிருந்தான். எங்கள் பணிமனையைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி. எழுத்துப் பெட்டிகளெல்லாம் எரிந்து ஈயம் உருகி நிலத்தில் கட்டிகட்டியாய்க் கிடக்கிறதென்றும், நாளை வேலைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை என்றும்.

அக்கடிதத்தை அலுவலக மேசை லாச்சியில் வைத்திருந்தேன். 1983 ஜூலையில் நான் குடியிருந்த வீடு எரிந்தபோது அது தப்பியதற்கு அதுவே காரணம்.

1991 ஜூன் மாதம், பத்தாண்டு நிறைவை ஒட்டி, வாரப் பதிப்பில் அந்த எரிப்பைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். என் பெயருக்குப் பெருமை தேடித்தந்த கட்டுரை அது. வெளிநாட்டுத் தமிழ் ஏடுகள் சில அதை மறுபிரசுரம் செய்தன. இன்றும் எங்கேனும் என்னைச் சந்திக்கும் மூத்த வாசகர்கள் அதையே நினைவுகூர்கின்றனர். அக்கட்டுரையில் உயிரோடிருந்த விவரங்கள் அனைத்தும் நண்பனின் ஆறு பக்கங்களிலிருந்து எடுத்தவை. "நேரில் கண்டவர்கள் கூறினர்" என்று பொதுவாக எழுதினேன். அன்றைய நிலையில் பெயரைப் போடுவது அவனுக்கு ஆபத்து என்பது உண்மை. ஆனால் ஒரு நண்பனின் கடிதம் இது என்றாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கட்டுரையின் விறுவிறுப்புக்காக இன்னொன்றும் செய்தேன். அவனுடைய மூன்று நாட்களை ஓர் இரவாகச் சுருக்கினேன். "ஓர் இரவில் எல்லாம் சாம்பலாயிற்று" என்பது அதன் முதல் வரி.

அப்போது அவன் யாழ்ப்பாணத்தில் வேறொரு நாளிதழில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தான். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பத்திரிகைத் தாள் கிடைக்காத நாட்களில் பள்ளிக் கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சாகின. பக்கங்கள் குறைந்தன, நின்றுபோகவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கின் வெளிச்சத்தில் அவன் எழுத்துப் பொறுக்கினான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுச் செய்தி குறித்துக் கொடுப்பார்கள். அதையும் அவன் கோப்பான். 1995 அக்டோபர் 30இல் குடாநாட்டின் ஒரு பாதியே பெயர்ந்தபோது அவனும் மனைவி மகளோடு மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தான். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கணினி வந்துவிட்டது. ஈய எழுத்துக்கு வேலையில்லை. நாற்பத்து நான்கு வயதில் பாமினி விசைப்பலகையைப் பழகிக்கொண்டான்.

போர்நிறுத்தத்தின்பின் 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது, ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி ஊருக்குப் போனேன். பதினைந்து ஆண்டுகளின்பின் அவனைக் கண்டேன். தேநீர் குடித்து முடிந்ததும் உள்ளே போய் ஒரு கோவையை எடுத்துவந்தான். என் 1991 கட்டுரை அதற்குள் இருந்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். எனக்கு முகம் வெளிறியிருக்க வேண்டும். கடிதத்தைக் கேளாமல் எடுத்ததற்குக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"மச்சான், அது ஓர் இரவில்லையடா. மூண்டு நாளையும் நீ ஒரு இரவுக்குள்ளை அடைச்சுப் போட்டாய்" என்றான்.

எழுத்துநடைக்காக அப்படிச் செய்தேன் என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பள்ளியில் எனக்குக் கணக்கு விளங்கப்படுத்தும் அதே பொறுமையோடு சொன்னான்: "ஒரு இரவெண்டால் வெறியிலை செய்தாங்கள் எண்டு சொல்லி முடிச்சுப்போடலாம். விடிஞ்சாப் பிறகும் ஏன் ஒருத்தரும் நிப்பாட்டேல்லை? அதைத்தானே கேக்கவேணும். நீ விடியவே விடேல்லையே."

இந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. கட்டுப்பாடிழந்த சில பொலிஸாரின் ஆத்திரச் செயல் என்பதே அன்று அரச தரப்பு தந்த விளக்கம். ஓர் இரவு என்று எழுதும் ஒவ்வொருவரும், தம்மையறியாமல், அந்த விளக்கத்துக்கு இடமளிக்கின்றனர். ஞாயிறு இரவு வீடும் கடைகளும் எரிந்தன. திங்கள் விடிந்தது. அமைச்சர்கள் நகரில் இருந்தனர்; உயர் அதிகாரிகள் இருந்தனர்; ஆணையிட ஒரு முழுப் பகற்பொழுது இருந்தது. திங்கள் இரவு நூலகம் எரிந்தது. செவ்வாயும் நகரம் அடங்கவில்லை. வியாழக்கிழமை தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து ஆசனங்களையும் கூட்டணி வென்றது. எரிப்புக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நூலகம் எரிந்த இரவு மே 31 என்று எழுதுவோரும் ஜூன் 1 என்று எழுதுவோரும் இன்றும் உளர். பெரும்பாலான பதிவுகள் ஜூன் 1 என்கின்றன. நண்பனின் கடிதமும் அதையே சொல்கிறது. பல நாள் நிகழ்வை ஒரே இரவாக்கி நினைவுகூர்வது இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என நினைக்கிறேன். அதில் என் கட்டுரைக்கும் பங்குண்டு.

அடுத்த முறை எழுதும்போது திருத்துகிறேன் என்று அன்று வாக்களித்தேன். 2006இல் இருபத்தைந்தாண்டு நிறைவு வந்தது. பழைய கட்டுரையைச் சற்று மாற்றிக் கொடுத்தேன். முதல் வரி அப்படியே இருந்தது. அது வாசகர் மனத்தில் பதிந்த வரி, அதை இழக்க எனக்கு மனமில்லை என்பதே உண்மை. 2011இலும் அப்படியே. 2021இல் நாற்பதாண்டு நிறைவின்போதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவன் தொலைபேசியில் அழைப்பான். நலம் விசாரிப்பான். முடிவில், "என்ன மச்சான், இன்னும் விடியேல்லையோ?" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். கோபித்திருந்தால் ஒருவேளை திருத்தியிருப்பேன்.

செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அந்தியேட்டி வரை நிற்க முடியவில்லை. புறப்படும்போது மகள் அந்தக் கோவையை என் கையில் தந்தாள். "உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர், மாமா." பேருந்தில் வரும்போதுதான் திறந்து பார்த்தேன். நான்கு கட்டுரைகளும் ஆண்டு வரிசையில் இருந்தன. நான்கிலும் முதல் வரியில் "ஓர் இரவில்" என்பதன் மேல் சிவப்பு மையால் கோடு. ஓரத்தில் ஒப்புநோக்குநர் இடும் குறி. அதற்குப் பக்கத்தில் "மூன்று நாட்களில்". வேறெந்த இடத்திலும் அவன் கை வைக்கவில்லை.

எனவே இத்திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன். 1991, 2006, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் என் பெயரில் வெளிவந்த கட்டுரைகளில், யாழ்ப்பாணம் ஓர் இரவில் எரிந்ததாக எழுதியது பிழை. 1981 மே 31 ஞாயிறு இரவு தொடங்கிய எரிப்பு நாட்கணக்கில் நீடித்தது. அக்கட்டுரைகளில் "நேரில் கண்டவர்கள்" என்று நான் குறிப்பிட்டது பெரும்பாலும் ஒருவரையே. அவர் 'ஈழநாடு' பத்திரிகையின் அச்சுக்கோப்பாளர். என் பள்ளித் தோழர். அவரிடம் அனுமதி கேளாமலும் நன்றி சொல்லாமலும் அவருடைய கடிதத்தைப் பயன்படுத்தினேன். அக்கடிதத்தின் பிரதியை, குடும்பத்தார் இசைந்தால், ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர்ப்பிக்க எண்ணியிருக்கிறேன்.

'நூலகம்' இணையத்தளத்தில் பழைய 'ஈழநாடு' இதழ்கள் சில மின்வருடப்பட்டுக் கிடக்கின்றன. இந்த நாட்களில் இரவில் அவற்றைத் திறந்து பார்க்கிறேன். என் பெயரோடு வந்த செய்திகள் உண்டு. எந்தப் பக்கத்தை அவன் கோத்தான், எதை வேறொருவர் கோத்தார் என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் கூட்டுத்தொகைகள் சரியாக இருக்கின்றன.

இக்கட்டுரையை ஒப்புநோக்க அவன் இல்லை. பிழை ஏதும் கண்டால் வாசகர்கள் அறியத்தாருங்கள். இம்முறை உடனே திருத்திவிடுகிறேன்.